பாயில் சுற்றிய பாசுபதம்

காலை ஏழரைக்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிலையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, என் தம்பி செல்வம் ஓர் ஆள் உயரத்துக்குப் பாய்ச் சுருளொன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். உள்ளே என்னடா என்று கேட்டேன். "பாய்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை.

"அக்கா, நான் காப்புக் கட்டியிருக்கேன். பொய் சொல்லக் கூடாது. அதனால நீ ஒண்ணும் கேக்காத."

இப்படி ஒரு பதிலைக் கேட்டபிறகு எந்த அக்காவுக்கு நிம்மதியாகப் பயணம் போக முடியும்? அதுவும் எனக்கு! கண்டியில் ஒரு புடவைக் கடையில் காசாளராக இருக்கிறேன். நீட்டுகிற நோட்டையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அப்படியே பிடித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து போனில் "சாப்பிட்டேன்" என்று சொன்னால், என்ன கறி என்று கேட்டுத்தான் நம்புவேன். காலமும் அப்படி. வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். கண்டியில் தமிழில் உரக்கத் தும்மினாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

மடுல்கெல்லைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அன்று தபசுக் கூத்து. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாரதக் கதையில் ஐந்து அண்ணன் தம்பிகளில் நடுவில் பிறந்த வில்லாளி, சிவனிடம் பாசுபதம் என்ற அஸ்திரத்தை வாங்கத் தவம் இருப்பார். எங்கள் ஆட்கள் கோயில் முன்னால் உயரமான மரமொன்றை நட்டு, ஏணிப்படி அடித்து, வேடம் கட்டியவரை உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். சிவன் வேடனாக வந்து சண்டை போட்டுச் சோதித்து, கடைசியில் அஸ்திரத்தைக் கொடுப்பார். பிறகு உச்சியிலிருந்து எலுமிச்சம்பழங்கள் விழும். பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் கீழே முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். விடிய விடிய நடந்த கூத்துதான். யுத்தம் வந்தபின் இரவில் கூட்டம் கூடப் பயந்து, பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுகிறார்கள்.

இந்த வருடம் மரம் ஏறுகிறவன் செல்வம். போன வாரமே தோட்டத்துக் கோயிலில் மஞ்சள் காப்பைக் கையில் கட்டிவிட்டார்கள். கட்டியவன் எல்லை தாண்டக் கூடாது என்பது விதி. கண்டியில் அவன் வேலை செய்கிற தகரப் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை என்று பூசாரி கொஞ்சம் தளர்த்திக் கொடுத்திருந்தார். ஆனால் காப்புக் கட்டிய ஆளுக்கு மாற்று ஆள் கிடையாது. அவன் வராவிட்டால் மரம் ஆள் ஏறாமலே நிற்கும். அந்த வருடம் தோட்டத்துக்கு ஆகாது என்பார்கள்.

பஸ் கிளம்பியது. கொண்டக்டர் எனக்கும் தம்பிக்கும் தலைக்குப் பதினான்கு ரூபாய் வாங்கிவிட்டு, பாயைக் காலால் தட்டிப் பார்த்தான். டங் என்றது. பாய் டங் என்று சத்தம் போடுமா?

"இதுக்குத் தனியா பத்து ரூவா" என்றான். செல்வம் மறுபேச்சில்லாமல் கொடுத்தான். பேரம் பேசாத செல்வத்தை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். என் சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. போன வருடம் பாசுபதத்தை மூங்கிலில் தங்கக் காகிதம் ஒட்டிச் செய்திருந்தார்கள். சிவன் அதை நீட்டியதும், "அது வெளக்கமாறுடோய்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். சிவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அக்கரையில், இந்தியாவில், ஏவுகணைகளுக்கு அக்கினி என்றும் அஸ்திரம் என்றும் இதிகாசத்துப் பெயர்களாக வைக்கிறார்கள். டீவியில் அது வாலில் நெருப்போடு கிளம்புவதைப் பார்த்த பிள்ளைகள், சிவன் கொடுத்ததும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கூத்து வாத்தியாரும் செல்வத்தைக் கூப்பிட்டு, "இந்த வருசம் அசலா இருக்கணும்டா" என்று சொல்லியிருந்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், "வாலுல பொகை வந்தா எப்புடி இருக்கும்க்கா?" என்று கேட்டது எனக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவன் சட்டைப் பையில் தீப்பெட்டி தெரிந்தது. அவன் பீடி குடிப்பதில்லை. உடம்பில் ஏதோ கருகிய வாடை வேறு.

"அதுக்குள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். வெடி என்ற வார்த்தையை அந்தக் காலத்தில் பஸ்ஸுக்குள் சொல்ல முடியுமா? மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். எங்களுக்குக் கனம் மடியில் இல்லை, பாயில் இருந்தது.

மகியாவை தாண்டும்போது மழை தூறியது. முன் சீட்டில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பினார். பெயர் வைத்திலிங்கமாம், அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்தவராம், பன்விலையில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். கேட்காமலே எல்லாம் சொன்னார். செல்வத்தின் மஞ்சள் காப்பைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"தபசா? பாசுபதம்னா சும்மாவா தம்பி! அதுதான் இன்னைக்கு அணுகுண்டு. ஏவுறது, குறி வைக்கிறது, திருப்பிக் கூப்பிடுறது, எல்லாம் சமஸ்கிருதத்துல அப்பவே எழுதி வச்சுட்டாங்க. வெள்ளைக்காரன் அதைப் படிச்சுத்தான் செஞ்சான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்போ கடலைத் தாண்ட எதுக்குங்கய்யா கல்லுச் சொமந்து பாலம் போட்டாங்க? ராக்கெட்டுலயே வந்திருக்கலாமே?"

பக்கத்து சீட்டில் இருந்த முஸ்லிம் அண்ணன், எங்கள் பக்கத்தில் நானா என்போம், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருக்கு அக்குறணையில் கடை. பன்விலைப் பக்கம் மிளகு வாங்கப் போகிறவர். வைத்திலிங்கம் ஐயா அசரவில்லை. மந்திரம் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், ஓலைகள் களவு போய்விட்டன என்று அடுக்கினார். எதிர்பார்த்ததுதான். நம்மிடம் இருந்ததாகச் சொல்கிற எல்லாமே கடைசியில் களவு போனதாகத்தான் முடியும். ஆனால் அவர் குரல் நேரமாக ஆக உயர்ந்தது. அணுகுண்டு, ஏவுகணை என்று தமிழில் முழங்குகிறார். சிங்களவர்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். வார்த்தை புரியாவிட்டாலும், கைகளை விரித்து அவர் காட்டிய வெடிப்பு யாருக்கும் புரியும்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. சோதனைச் சாவடி. "ஒக்கோம பஹின்ன!" எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வரிசையாகப் பாலத்தை நோக்கி நடக்க வேண்டும். வெறும் பஸ்ஸைப் படையினர் ஏறிப் பார்ப்பார்கள். மகாவலி கலங்கி, தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாயைத் தூக்கிக்கொண்டு இறங்கப் பார்த்த செல்வத்தை, விட்டுவிட்டு இறங்கு என்று கொண்டக்டர் தள்ளினான்.

நாங்கள் பாதி தூரம் நடந்திருப்போம். பஸ்ஸுக்குள் சத்தம். இளம் சிப்பாய் ஒருவன் படியிலிருந்து குதித்து ஓடி வந்தான். பின்னால் இன்னொருவன் எங்களைப் பார்த்துக் கையை வீசி, தள்ளிப் போகச் சொன்னான். வரிசை கலைந்தது. ஒரு பெண் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள்.

பாயை விரித்திருக்கிறார்கள். உள்ளே ஏவுகணை இருந்திருக்கிறது.

பிறகு நானே பார்த்தேன், அதனால் சொல்கிறேன். படுபாவி, அவ்வளவு அழகாகச் செய்திருந்தான்! கூரைத் தண்ணீர் இறங்கும் பீலித் தகரத்தை உருட்டி, ஈயத்தால் பற்றவைத்து, கூர்மூக்கு வைத்து, வாலில் நாலு சிறகு ஒட்டி, வெள்ளிப் பூச்சுப் பூசி, பக்கவாட்டில் சிவப்பில் நம்பர் வேறு எழுதியிருந்தான். ஓம் என்று எழுதியிருந்தாலாவது ஒரு நியாயம் சொல்லலாம். நம்பர்!

"யாருடையது?" என்று அதிகாரி கேட்டார். வைத்திலிங்கம் ஐயா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்வம் கையைத் தூக்கினான். இரண்டு பேர் வந்து அவனை முழந்தாளில் இருத்திக் கைகளைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். மஞ்சள் காப்பு அவன் காதோரம் தெரிந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். துப்பாக்கியை அவன் முதுகுக்கு நேராகப் பிடித்திருந்த சிப்பாய்க்கு இருபது வயது இருக்காது. அவன் கண் பஸ்ஸிலிருந்து அகலவில்லை, விரல் மட்டும் விசையில் இருந்தது. தைரியசாலி சுடுவதற்கு முன் யோசிப்பான், பயந்தவன் எங்கே யோசிக்கப் போகிறான்?

சிங்களத்தில் விளக்கினேன். கடையில் நாளெல்லாம் பேசுகிற பாஷைதான். கூத்து, கடவுள், அஸ்திரம் என்றேன். அதிகாரி நிதானமானவர். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "குண்டு பார்க்கத் தெரிந்தவர்கள் வர வேண்டும். சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் இவன் இங்கேதான். இல்லாவிட்டால் ஆற்றோரம் வைத்துத் தூரத்திலிருந்து சுட்டுப் பார்க்கலாம்" என்றார்.

சாயங்காலம் என்றால் மரம் இல்லை. சுட்டால் அஸ்திரம் இல்லை. உள்ளே உண்மையிலேயே கருமருந்து இருந்து, சுடும்போது அது வெடித்தால், தம்பியே இல்லை. இதில் கூத்தெல்லாம் என்ன, அவனை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

நானா மெல்ல என் பக்கத்தில் வந்தார். "தங்கச்சி, உள்ளுக்கு என்ன ஈக்கி? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது நானா."

"யா அல்லாஹ்! அத அவங்களுக்கிட்டச் செல்லிப் போடாதீங்க."

சொல்லவில்லை. நான் அதிகாரியிடம், "சேர், என் தம்பி செய்தது. நானே திறக்கிறேன். நீங்கள் எல்லோரும் தள்ளி நில்லுங்கள்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் நோட்டைப் பார்ப்பேனே, அதே பார்வை. பிறகு தலையை ஆட்டினார்.

பஸ் படியேறிப் போனேன். நம்பிக்கையோடு போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உள்ளே மருந்து இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். தீப்பெட்டி, புகை, கருகல் வாடை, எல்லாம் அப்படித்தான் சொன்னது. இருந்தால் நம் கையிலேயே போகட்டும், அவன் முதுகில் குண்டு விழ வேண்டாம் என்று போனேன். கூர்மூக்கைப் பிடித்துத் திருகினேன். வரவில்லை. மனதுக்குள் அவனைத் திட்டாத வார்த்தை இல்லை. இன்னொரு தரம் திருகியதும் மூக்கு கழன்று, கைதவறி, படியில் உருண்டு தெருவில் விழுந்தது. வெளியே யாரோ அலறினார்கள்.

உள்ளே எலுமிச்சம்பழங்கள்.

நிறைய எலுமிச்சம்பழங்கள், ஒரு கற்பூரப் பொட்டலம், கருகிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றில் சாம்பிராணி. அவ்வளவுதான். பழங்கள் பஸ் தளத்தில் உருண்டு, படியில் குதித்து, தெருவுக்கு ஓடின. அதிகாரி வந்து ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தார். கத்தியை எடுத்து அதைப் பிளந்தும் பார்த்தார். அவரும் என் ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ராக்கெட்டுக்குள் எதற்குப் பழம்?"

அதை அத்தனை பேர் முன்னால் நான் சொல்ல வேண்டியதாயிற்று. பிள்ளை இல்லாத பெண்களுக்காக, மேலேயிருந்து விழும், பிடிப்பார்கள் என்றேன். அவர் இன்னொன்றைக் காட்டினார். அது மஞ்சள் துணியில் முடிந்திருந்தது. "இது மட்டும் ஏன் இப்படி?"

இன்னும் முழந்தாளில் இருந்த செல்வம், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "அக்காட்ட" என்றான். அக்காவுக்கு.

எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கலியாணமான புதிதில் ஒரு தடவை அந்த மரத்தடியில் முந்தானை விரித்தேன். பழம் பக்கத்தில் நின்றவள் மடியில் விழுந்தது. அடுத்த தபசுக்கு அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இனி அந்தப் பக்கமே நிற்க மாட்டேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சண்டை பிடித்திருந்தேன். அதனால்தான் களவாக முடிந்து வைத்திருக்கிறான். என் வயிற்றுக் கதை இப்போது பாலத்தடியில் ஒரு பஸ் நிறைய ஆட்களுக்குத் தெரிந்துபோயிற்று.

அதிகாரி சிரிக்கவில்லை. செல்வத்தை எழுந்திருக்கச் சொன்னார். "இப்படி ஒன்றை இந்தக் காலத்தில் செய்யலாமா?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. நானா குனிந்து பழங்களைப் பொறுக்கித் தன் மிளகுச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கூர்மூக்கு ஆற்றோரச் சரிவில் உருண்டு எங்கோ போய்விட்டது. தேட யாருக்கும் தைரியம் இல்லை.

பஸ் கிளம்பும்போது ஜன்னலில் யாரோ தட்டினார்கள். செல்வத்தின் முதுகுக்கு நேராகத் துப்பாக்கி பிடித்திருந்த அந்தச் சிப்பாய். அதிகாரி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கே, ஒரு பழம் தருவீர்களா? எங்கள் அக்காவுக்கும் இல்லை" என்றான்.

கேலி செய்கிறானோ என்று முதலில் முகத்தைத்தான் பார்த்தேன். ஊகூம், கேலி இல்லை. என் மடியில் மஞ்சள் துணிப் பழம் இருந்தது. அதையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். எனக்கு நம்பிக்கை இல்லாததால் கொடுத்தேனா, அவன் நம்பிக்கையைப் பார்த்துக் கொடுத்தேனா, தெரியாது. அவன் துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான்.

வத்தேகம வரைக்கும் செல்வம் பழங்களைத் துடைத்துத் துடைத்துத் தகரத்துக்குள் போட்டுக்கொண்டே வந்தான். அங்கே பஸ் நின்று ஆட்கள் தேத்தண்ணிக்கு இறங்கியபோது வெடித்தான்.

"அது உனக்குன்னு கோயில்ல வச்சு முடிஞ்சது. தூக்கி அவன்கிட்ட குடுக்குற. என் முதுகுல துவக்கு வச்சவன்!"

"நான் கேட்டேனாடா முடிஞ்சு வையின்னு?"

"நீ கேக்க மாட்ட. உன்னைய எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டோம். முன் சீட்டில் வைத்திலிங்கம் ஐயாவுக்கு உயிர் திரும்பியிருந்தது. "நான் அப்பவே சொன்னேனே, அஸ்திரத்துல இருக்கிறது மந்திரம்தான், மருந்து இல்லைன்னு" என்றார். அப்படி அவர் சொல்லவே இல்லை. நானா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, பன்விலையில் இறங்கிப் போனார்.

பன்விலைக்கு மேலே பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளம். எதிரே நக்கிள்ஸ் மலைகள் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. கண்டியிலிருந்து மொத்தமே இருபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம். நாங்கள் மடுல்கெல்லையில் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் ஓடி வந்து பாயைப் பிரித்தார்கள். மூக்கில்லாத ஏவுகணையைப் பார்த்துவிட்டு ஒருத்தி, "இது தண்ணி ஊத்துற பூவாளியில்ல?" என்றாள். வாத்தியார் தலையில் கை வைத்தார்.

ஆனாலும் பொழுது சாய்வதற்குள் கூத்து நடந்தது. செல்வம் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்த உடம்போடு படி படியாக ஏறினான். கீழே நின்று பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. அஸ்திரம் வாங்க இந்தக் கதையில் ஒருவன் பட்டினி கிடக்கிறான், மரம் ஏறுகிறான், கடவுளிடம் அடிபடுகிறான். அவ்வளவும் பட்டு வாங்கியதை ஏவுகிற காட்சி எங்கள் கூத்தில் கிடையவே கிடையாது. அக்கரையில் பெயரை எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் அவர்களிடமிருந்து சிறகையும் நம்பரையும் எடுத்துக்கொண்டோம். தவத்தை மட்டும் ஒருவரும் எடுத்ததாகத் தெரியவில்லை. காலையில் அந்தச் சிப்பாயின் தோளில் துப்பாக்கியை மாட்டிவிட்டவர்கள் அவனை எந்த மரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள்?

சிவன் அஸ்திரத்தைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். வாலில் சாம்பிராணிப் புகை வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். வாய் பிளந்த தகரத்துக்குள் கைவிட்டு, செல்வம் பழங்களை நாலா பக்கமும் எறிந்தான். நான் பெண்களோடு நிற்கவில்லை. கோயில் சுவரோரமாக, தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் தேடினான். அத்தனை உயரத்திலிருந்து அவன் கண் என்னைத் தேடுவது தெரிந்தது. பிறகு ஒரு பழத்தைக் குறிபார்த்து வீசினான்.

நெஞ்செலும்பில் வந்து பட்டது. பலமாக வலித்தது. "எருமை!" என்று கத்திவிட்டேன். கத்திக்கொண்டே முந்தானையில் பிடித்தும் விட்டேன்.

மறுநாள் மதியம் கண்டிக்குத் திரும்பினேன். கட்டுகஸ்தோட்டையில் அதே இறங்கல், அதே வரிசை, அதே கலங்கல் ஆறு. என் முறை வந்தபோது நின்றது அதே சிப்பாய். என்னைத் தெரிந்ததாக முகத்தில் ஓர் அசைவுகூட இல்லை. அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கைப்பையைத் திறக்கச் சொன்னான். சீப்பு, பர்ஸ், குடை என்று ஒவ்வொன்றாக நகர்த்தினான். அவன் வேலை அது. நானும் நேற்றுப் பழம் கொடுத்தவரின் நோட்டை இன்று வெளிச்சத்தில் பிடிக்காமல் விடுவேனா?

அடியில் கைக்குட்டையில் சுற்றிய எலுமிச்சம்பழம் அவன் விரலில் தட்டுப்பட்டது. கைக்குட்டையை விலக்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அதை மட்டும் எடுக்காமல், முகராமல், பிளக்காமல், இருந்தபடியே மூடினான்.

பையை இரண்டு கையாலும் நீட்டி, "யன்ன அக்கே", போங்கள் அக்கா, என்றான்.